உப்புப் போடாத வீடு

யாராவது ஒரு விஷயத்தை "உப்புப் பெறாத விசயம், விடு" என்று சொன்னால் எனக்கு அங்கேயே மூக்கில் வேர்த்துவிடும். உப்புப் பெறாத விஷயம் என்றால் அதை ஏன் இத்தனை அவசரமாக மூடுகிறாய்? சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் ஒரு பிரஸ்ஸில் பத்துப் பதினைந்து வருடமாக எனக்குப் பிழை பார்க்கும் வேலை. அமாவாசை ஒரு நாள் தள்ளி விழுந்துவிட்டால் வருடம் முழுக்க ஏச்சு வாங்க வேண்டும். முகூர்த்த நாள் மாறினால் கேட்கவே வேண்டாம். கண்ணுக்கு முன்னால் இருப்பதை நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். அந்தப் புத்தி சாயங்காலமானால் மேஜையிலேயே தங்கிவிடுமா என்ன? என்கூடவே பஸ் ஏறி வீட்டுக்கும் வந்துவிடும். என் தங்கை தன் போனில் என் நம்பரைப் 'போலீஸ்' என்றுதான் பதிந்து வைத்திருக்கிறாள்.

அதிலும் இந்தப் பக்கம் உப்பு என்றால் எந்த உப்பு என்று கேட்டுக்கொள்வது நல்லது. விஸ்வநத்தத்தில் எங்கள் தெருவுக்கு வருகிற போர்வெல் தண்ணீர், உப்புத் தண்ணி. சோப்பு நுரைக்காது, தலைக்குக் குளித்தால் முடி சிக்கு விழும். குடிக்கிற தண்ணீருக்கு 'நல்ல தண்ணி' என்று தனிப்பெயர். பயராபீஸ் என்று நாங்கள் சொல்கிற பட்டாசு ஆலைக்குள் போனால் வெடி மருந்தில் சேர்க்கிற வெடியுப்பு, பச்சை உப்பு என்று வேறு பேச்சு. தெருவில் யாராவது குரலைத் தாழ்த்தி, "அவருக்கு ஒடம்புல உப்பு கூடிருச்சாம்" என்றால், அது சிறுநீரகம் கெட்டுப்போனதைச் சொல்வது. ஒருவனுக்கு ரோஷம் இருக்கிறதா என்று கேட்பதற்கும் உப்புதான் வேண்டும்: "நீ சோத்துல உப்புப் போட்டுத்தான திங்குற?" நான் புருஷனை விட்டு வந்த பிறகு சமாதானம் பேச நாலு பேர் வந்தார்கள். அம்மா அவர்களை உள்ளேயே விடவில்லை. "எம் மகளும் உப்புப் போட்டுத்தான் திங்குறா. போயிட்டு வாங்க" என்று வாசலில் நின்றே சொன்னாள். அம்மா அவ்வளவு சத்தமாகப் பேசி நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

அந்தக் கல்யாணக் கதையைச் சொல்லாமல் தங்கை கதையைச் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் பெண் கொடுக்கிறவர்கள், சம்பந்தம் முடிவாகும்வரை மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். காபி குடிக்கலாம், கலர் குடிக்கலாம், சோற்றில் கை வைக்கக் கூடாது. வைத்தால் சரி என்று வாக்குக் கொடுத்த மாதிரி. எனக்கு மாப்பிள்ளை வீடு பார்க்க அப்பா போனபோது, அவர்கள் கறிக்குழம்பு வைத்து இலையையும் போட்டுவிட்டு, "சும்மா சாப்பிடுங்க, நம்ம வீடு மாதிரி நெனச்சுக்கோங்க" என்று தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். அப்பா கூச்ச சுபாவம். சாப்பிட்டுவிட்டார். திரும்பும்போது பஸ் ஸ்டாப் டீக்கடையில்தான், மாப்பிள்ளை விடிந்ததுமே குடிக்க உட்காருகிற ஆள் என்று தெரிந்தது. வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் அப்பா அம்மாவிடம் சொன்னார்: "கை நனைச்சிட்டேனே. இனிமே எந்த வாயால வேண்டாம்னு சொல்ல?"

சொல்லவில்லை. மூன்று வருடம் அந்த வீட்டில் நான் பட்டதை இங்கே எழுதப்போவதில்லை. திரும்பி வந்தேன். அதற்குப் பிறகு அப்பா என் முகத்தைப் பார்த்துப் பேசியதே இல்லை, அப்படியே போயும் சேர்ந்துவிட்டார். ஒரு வேளைக் கறிச்சோற்றுக்காக ஒரு பெண்ணைக் கொடுப்பார்களா? தங்கைக்கு வரன் பார்க்க ஆரம்பித்தபோது, என்னைத் தள்ளிவிட்ட மாதிரி அவளை எவனிடமும் தள்ளிவிட விடக் கூடாது என்ற ஒன்றைத்தான் மனதில் வைத்திருந்தேன். வேண்டாம் என்று சொல்கிற வாய் கடைசிவரை எங்கள் பக்கம் இருக்க வேண்டும்.

தங்கைக்கு இருபத்தாறு வயது. ஒரு பட்டாசுக் கடையில் போனில் ஆர்டர் எடுக்கிறாள். முன்பின் தெரியாதவர்களிடம் என்ன வேண்டும், எத்தனை பெட்டி, லோடு எங்கே இறங்க வேண்டும் என்று நாள் முழுக்க நேராகக் கேட்டு நேராகப் பதில் வாங்குகிற வேலை. எம். புதுப்பட்டியிலிருந்து அந்த வரன் வந்தது. பையன் பயராபீஸில் போர்மேன். அப்பா இல்லை, அம்மா மட்டும். கோயிலில் வைத்து இரண்டு பேரும் பார்த்துக்கொண்டார்கள், பத்து நிமிடம் தனியாகப் பேசினார்கள். வீட்டுக்கு வந்ததும், "எனக்குச் சரிதான்க்கா" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள் வேறு. பத்து நிமிடத்தில் என்னத்தைச் சரி? எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் தரகரும் மாப்பிள்ளை வீடு பார்க்கக் கிளம்பினோம். கிளம்பும்போதே அம்மாவிடம் கண்டித்துச் சொல்லிவிட்டேன்: "காபித்தண்ணி மட்டுந்தான். எம்புட்டுக் கெஞ்சுனாலும் சோத்துல கை வைக்கக் கூடாது." பத்து மணி பஸ் வரவில்லை. அடுத்த பஸ்ஸில் நெரிசலில் நின்றபடியே போய் இறங்கினபோது உச்சி வெயில். தரகர் வீட்டைக் காட்டிவிட்டு, உள்ளூரில் இன்னொரு ஜாதகம் வாங்க வேண்டும் என்று நழுவிவிட்டார். ஏன் நழுவுகிறார் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

இரண்டு அறையுள்ள சின்ன வீடு, படு சுத்தம். அந்தச் சுத்தமும் எனக்கு உறுத்தியது. எப்போதும் இப்படியா, எங்களுக்காகக் கழுவினதா? பையனின் அம்மா ஒல்லியான மனுஷி, அளந்துதான் பேசினார். என் அம்மாவை "அக்கா" என்றார், என்னைத் "தாயி" என்றார். சம்பந்தம் பேச வந்த இடத்தில் 'மதினி' என்றல்லவா வாயில் வரும்? முறை வைத்துக் கூப்பிட இவருக்கு என்ன தயக்கம்? சீசன் வேலை என்பதால் பையனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் லீவு இல்லை. இடையில் வந்து கும்பிட்டான், நகக்கண்ணில் வெள்ளி நிறத்தில் மருந்துத்தூள் ஒட்டியிருந்தது. நின்ற நிலையில் மூன்று செம்புத் தண்ணீர் குடித்தான். லோடு ஏற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

"ஒங்க வீட்டுக்காரவுக எப்பிடித் தவறுனாக?" என்று அந்தம்மாவிடம் கேட்டேன்.

"ஒடம்புக்கு முடியாமத்தான் தாயி" என்றார். உடம்பில் எங்கே, என்ன முடியாமல் என்று சொல்லவில்லை.

என் அம்மாவுக்குச் சர்க்கரையும் உண்டு, பிரஷரும் உண்டு. காலையில் மாத்திரையைப் போட்டு இரண்டு இட்லியோடு கிளம்பியவள். பேசிக்கொண்டே இருந்தவளுக்குத் திடீரென்று வியர்த்துக் கொட்டியது, "கண்ணக் கட்டுது" என்று சுவரில் சாய்ந்துவிட்டாள். அந்தம்மா ஓடிப்போய்ச் சீனித் தண்ணீர் கரைத்து வந்து புகட்டினார். அம்மா கொஞ்சம் தெளிந்தாள். "இது நிக்காது தாயி, சோறு உள்ள போகணும். அர மணி நேரம் பொறுங்க" என்று அவர் அடுப்படிக்குப் போய்விட்டார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் அம்மாவின் கை வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. எந்த மகள் சொல்வாள்?

சோறு, பாசிப்பருப்பு, முருங்கைக்கீரை, மோர். அம்மாவுக்கு ஒரு தட்டு, கேட்காமலே எனக்கும் ஒரு தட்டு. "சாப்பிடுங்க. மனசுல எதையும் வச்சுக்கிடாதீக. இது சும்மா பசிக்கு" என்றார். எனக்குத் திக்கென்றது. என் அப்பாவிடம் சொன்னதும் இதே 'சும்மா'தானே. தட்டைத் தள்ளி வைத்தால் முகத்தில் அடித்த மாதிரி இருக்கும் என்று ஒரு வாய் பிசைந்து வைத்தேன்.

உப்பு இல்லை.

சோற்றில்தான் போடவில்லையோ என்று பருப்பைத் தொட்டு நாக்கில் வைத்தேன், இல்லை. கீரையில் இல்லை. மோரில்கூட இல்லை. ஒன்றில் மறக்கலாம், நாலிலுமா மறப்பார்கள்? அம்மாவைப் பார்த்தேன். அவள் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். டாக்டர் சொல்லி வீட்டில் அவளுக்கு அரை உப்புச் சமையல்தான், நாக்கு எப்போதோ பழகிவிட்டது. நான் எதுவும் காட்டிக்கொள்ளாமல் விழுங்கினேன். தட்டுக் கழுவுகிற சாக்கில் அடுப்படியில் ஒரு நோட்டம் விட்டேன். ஜாடி நிறையக் கல்லுப்பு இருந்தது. அலமாரியில் கடிகாரத்துக்குப் பின்னால் ஒரு கவரில் மாத்திரை அட்டைகள் செருகியிருந்தன. என்ன மாத்திரை என்று எட்டிப் பார்ப்பதற்குள் அவர் வந்துவிட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு எல்லாம் கூடிக் கூடி வந்தது. வீட்டில் உப்பு இருந்தும் சமையலில் இல்லை என்றால், அந்த வீட்டில் உப்பே ஆகாத ஒரு ஆள் இருக்க வேண்டும். மூன்று செம்புத் தண்ணீர், ஒளித்து வைத்த மாத்திரை, சொல்ல விரும்பாத அப்பா சாவு. அப்பனுக்கு இருந்தது மகனுக்கும் வந்திருக்கிறது, உடம்பில் உப்பு கூடிவிட்டது, அதை மறைத்துக் கல்யாணம் செய்யப் பார்க்கிறார்கள். அடேயப்பா, நல்ல வேளை நாக்கில் வைத்துப் பார்த்தோம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னபோது, "அப்பிடியா? எனக்குத் தெரியலையே. நல்லாத்தான இருந்துச்சு" என்றாள். "மறந்திருப்பாக. விருந்தாளு மயங்கி விழுந்தா யாருக்கும் கை ஓடாதுல்ல."

"நாலுலயுமா மறப்பாக?"

தங்கையிடம் சொன்னேன். "நீ அங்கனயே அவுககிட்ட கேட்டிருக்கலாம்லக்கா?" என்றாள்.

"நேரா கேட்டா எவடி உண்மையச் சொல்லுவா?"

அவள் போனைப் பார்க்க ஆரம்பித்தாள்.

எங்கள் பிரஸ்ஸில் பைண்டிங் பிரிவில் எம். புதுப்பட்டிக்காரப் பெண் ஒருத்தி இருக்கிறாள். அவளைச் சாப்பாட்டு நேரத்தில் பிடித்தேன். "அந்த வீட்டுல யாருக்கும் சீக்கு கீக்கு உண்டா?" என்று கேட்டேன். "எனக்குத் தெரிஞ்சு இல்லையேக்கா. அந்தம்மா நல்ல மனுசிதான்" என்றாள். நல்ல மனுஷி என்று சொன்னால் போதாதா? அந்தத் 'தான்' எதற்கு? அன்று மத்தியானம் முழுக்க நான் அந்தத் 'தான்' பின்னாலேயே அலைந்தேன். ஒரே வாரத்தில் இரண்டு வியாழக்கிழமை வந்ததைக்கூட விட்டுவிட்டேன், மேலாளர் கண்டுபிடித்துக் கொண்டுவந்து மேஜையில் போட்டார்.

தரகரைக் கூப்பிட்டுச் சொன்னேன்: "மாப்பிள்ளைக்கு ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துக் காமிக்கச் சொல்லுங்க. ஒடம்புல உப்பு எம்புட்டு இருக்குன்னு நாங்க பாக்கணும்."

"ஏந்தாயி, பொண்ணு குடுக்கப் போறீகளா, ரத்தம் குடுக்கப் போறீகளா?" என்றார்.

"சிரிக்காதீக. சொன்னதச் சொல்லுங்க."

அவர்கள் சண்டைக்கு வருவார்கள், அதை வைத்தே முடித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. நாலாவது நாள் தரகர் வாட்ஸப்பில் ஒரு ரிப்போர்ட் அனுப்பினார். எல்லாம் அளவுக்குள்தான் இருந்தது. நான் விடுவேனா? இரண்டு விரலால் பெரிதாக்கி, பிரஸ்ஸில் பார்க்கிற மாதிரி ஓரத்திலிருந்து ஓரம்வரை பார்த்தேன். வயது இருபத்தொன்பது என்று போட்டிருந்தது. எங்களிடம் இருபத்தெட்டு என்றல்லவா சொன்னார்கள்! தரகருக்குப் போன் போட்டேன். இடையில் பிறந்த நாள் வந்துவிட்டதாம். சரி, வயதை விடுங்கள், இந்த ரத்தம் அந்தப் பையனுடைய ரத்தம்தான் என்று என்ன நிச்சயம் என்று கேட்டேன்.

"தாயி, நான் முப்பது வருசமா இந்த வேல பாக்குறேன்" என்றார் தரகர். "ஞாயித்துக்கெழமைக்குள்ள உண்டு இல்லைன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. அந்தம்மா வேற எடம் பாக்கணும்ல." வைத்துவிட்டார்.

திரும்பிப் பார்த்தால் தங்கை அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். முகம் சிவந்திருந்தது.

"இன்னும் என்னக்கா கேக்கணும்? அவுக அப்பா செத்ததுக்குச் சர்ட்டிபிகேட்டா?"

"ஒனக்காகத்தான்டி கேக்குறேன். நான் பட்டது போதாதா?"

"நீ பட்டது எனக்குத் தெரியும்க்கா. நீ ராத்திரி அழுறதக் கேட்டுக்கிட்டே படுத்தவ நான்." அடுப்படி வாசலை விட்டு முன்னால் வந்தாள். "ஆனா எனக்கு அந்த ஆளப் பிடிச்சிருக்கு. ஊரெல்லாம் விசாரிச்சியே, அத மட்டும் ஒரு தடவகூட நீ எங்கிட்ட விசாரிக்கல."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விட்டுக்கொடுக்கத் தோன்றவில்லை. பிடித்திருப்பதற்கும் உடம்பில் இருக்கிற சீக்குக்கும் என்ன சம்பந்தம்? ஞாயிற்றுக்கிழமை வேண்டாம் என்று சொல்லிவிடுவது என்று நான் முடிவே செய்துவிட்டேன். அம்மா இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்து தவித்தாள். கடைசியில் பெரியவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று என் பக்கம்தான் சாய்ந்தாள். என்னை அந்த வீட்டில் கொடுத்த குற்ற உணர்ச்சி அவளுக்கும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கை கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். சீசனில் அவளுக்கும் லீவு கிடையாது என்பதால் எனக்குச் சந்தேகம் வரவில்லை. உலகத்தையே சந்தேகப்பட்டவள் சொந்தத் தங்கையைக் கோட்டைவிட்டேன். மத்தியானம் தரகருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. சரி, சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

நாலு மணிக்கு அவள் வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"எம். புதுப்பட்டிக்குப் போயிட்டு வாறேன்மா" என்றாள்.

"அடி ஆத்தி!" என்று அம்மா நெஞ்சில் கை வைத்தாள். "யாரு கூட?"

"தனியாத்தான். பஸ்ல. மத்தியானம் அங்கனதான் சாப்ட்டேன்."

எனக்குக் காது அடைத்துவிட்டது. "கை நனைச்சிட்டியா?" என்று கத்தினேன். "அறிவிருக்கா ஒனக்கு? கல்யாணம் ஆகாத புள்ள, தனியாப் போயி, அந்த வீட்டுச் சோத்துல..." அப்பா சட்டையைக் கழற்றாமல் நின்ற கோலம்தான் கண்ணுக்குள் வந்தது. போச்சு, இவளும் போய்விட்டாள்.

அவள் அம்மாவை ஒட்டி இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு மாதிரியேதான்க்கா இருந்துச்சு" என்றாள் பிறகு. "சோத்துல உப்பு இல்ல. பருப்புல இல்ல. எதுலயும் இல்ல."

"பாத்தியா! சொன்னேன்ல!"

"நான் கேட்டேன்."

"என்னத்தக் கேட்ட?"

"ஏன் அத்தை உப்புப் போடலைன்னு கேட்டேன். சொன்னாக." தங்கை அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "உப்பில்லாத சோறு கை நனைக்கிறதுல சேராதாம். அவுக ஆத்தா காலத்துலயிருந்து அந்தக் குடும்பத்துல அப்பிடியாம். 'பொண்ணு குடுக்குறவுக வயித்துல எங்க வீட்டு உப்பு கெடந்தா, பெறகு மனசுக்கு ஒப்பலைன்னாலும் வேண்டாம்னு சொல்ல வாய் வராது தாயி. ஒங்கம்மா பசியில மயங்குறாக, சோறு போடாம இருக்க முடியுமா? உப்பப் போட்டு ஒங்களக் கட்டிப் போடவும் எனக்கு மனசு வரல. அதான் உப்பில்லாமப் பொங்குனேன்'னு சொன்னாக."

"அத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

"நானும் கேட்டேன்க்கா. 'வேண்டாம்னா சொல்லிட்டுப் போங்கன்னு நானே வெரட்டுற மாதிரி ஆயிருமே'ன்னாக. முறை வச்சுக் கூப்பிடாததும் அதுக்குத்தானாம். அந்த மாத்திர அவுக முட்டிவலிக்கு."

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் அப்பாவுக்கு இலை போட்ட அன்றைக்கு அந்த வீட்டில் இப்படி ஒருத்தி இருந்திருந்தால் என்று நினைத்தேன். நினைத்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அடக்கவே முடியவில்லை. எங்கள் குடும்பத்துக்கு ஒரு காலத்தில் யாரும் தராத ஒன்றை அந்த மனுஷி கேட்காமலே தந்திருக்கிறார். பதிலுக்கு நான் அவர் மகனின் ரத்தத்தைக் கேட்டு ஆளனுப்பியிருக்கிறேன். அதையும் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். வெட்கமாக இருந்தது. எழுந்து போய் உப்புத் தண்ணீரில் முகத்தைக் கழுவிவிட்டு வந்தேன்.

அப்படியும் என் புத்தி எங்கே போகும்? துண்டால் துடைத்துக்கொண்டே கணக்குப் போட்டேன். அவருடைய சட்டப்படியே பார்த்தால் இவள் சாப்பிட்டதும் சாப்பாடு இல்லை. வாக்குக் கொடுத்ததாகாது. எங்கள் பக்கம் வாய் இன்னும் இருக்கிறது.

"சரி விடு. ஒனக்கும் அவுக உப்பில்லாமத்தான போட்டாக?" என்றேன் தங்கையிடம், மெதுவாக. "அப்ப ஒண்ணும் முடிஞ்சு போகல. நிதானமா யோசிப்போம். நாளைக்கு வேண்டாம்னாலும் சொல்லிக்கிடலாம்."

தங்கை என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை.

"இல்லக்கா" என்றாள். "அவுக சொல்லி முடிச்சதும், உப்பு எங்கன இருக்குன்னு கேட்டேன். 'நல்லா யோசிச்சுக்கோ தாயி'ன்னாக. நானே எந்திரிச்சுப் போயி, எடுத்துப் போட்டுப் பெசஞ்சு சாப்ட்டேன்."